1965 இந்தியா–பாகிஸ்தான் போரில் ஜெயித்தது யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு செப்டம்பரிலும் இந்த வாக்குவாதம் புதிதாகக் கிளம்பும். பாகிஸ்தானில் செப்டம்பர் 6 ‘பாதுகாப்பு நாள்’. இந்தியாவின் தாக்குதலை முறியடித்த நாள் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இந்தியாவிலோ 2015-இல் இதே போரின் ஐம்பதாம் ஆண்டை வெற்றிவிழாவாகவே டெல்லியில் கொண்டாடினார்கள். ஒரே போர், வென்றதாகச் சொல்லிக்கொள்ளும் இரண்டு நாடுகள். பல ஆண்டுகளாக இதைப் பற்றிப் படித்தும் நண்பர்களோடு மல்லுக்கட்டியும் வந்ததில், திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், யார் ஜெயித்தது?

களத்தில் யாரும் முழுதாக ஜெயிக்கவில்லை. ஆனால் போரைத் தொடங்கிய பாகிஸ்தான் எதை நினைத்துத் தொடங்கியதோ அது நடக்கவில்லை. காஷ்மீரைப் பிடிக்கவோ, குறைந்தபட்சம் இந்தியாவைப் பேச்சுமேசைக்கு இழுத்து அதைப் பற்றிப் பேசவைக்கவோ நினைத்தது. இரண்டுமே கைகூடவில்லை. அதனால் தோற்றது பாகிஸ்தான் என்பது என் முடிவு. அதற்காக இந்தியா மாபெரும் வெற்றி பெற்றது என்று சொல்ல மாட்டேன். வந்ததைத் தடுத்தது, அவ்வளவுதான். அதுவே பெரிய காரியம் என்பதையும் மறுக்கவில்லை.

போரைத் தொடங்கியது யார்? இரு தரப்பும் மற்றவரைக் காட்டுகிறார்களே?

சண்டையின் முடிச்சே இங்குதான் இருக்கிறது. எந்தத் தேதியில் கதையைத் தொடங்குகிறீர்களோ அதற்கேற்ப முடிவும் மாறிவிடும்.

செப்டம்பர் 6-இலிருந்து தொடங்கினால் கதை இப்படி: இந்தியப் படை விடியற்காலையில் சர்வதேச எல்லையைத் தாண்டி லாகூரை நோக்கி வந்தது, பாகிஸ்தான் தடுத்து நிறுத்தியது, ஆகவே பாகிஸ்தானுக்கு வெற்றி. பாகிஸ்தானில் பலருக்குத் தெரிந்தது இந்தக் கதைதான்.

ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பே, ஆகஸ்ட் 5-ஐ ஒட்டி, ‘ஆபரேஷன் ஜிப்ரால்டர்’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கான ஆயுதமேந்திய ஆட்கள் போர்நிறுத்தக் கோட்டைத் தாண்டிக் காஷ்மீருக்குள் நுழைந்திருந்தார்கள். இதை இந்தியா மட்டும் சொல்லவில்லை. அங்கே ஐ.நா. பார்வையாளர் குழுவுக்குத் தலைமை வகித்த ஆஸ்திரேலிய ஜெனரல் நிம்மோ அனுப்பிய தகவல்களை வைத்து, ஐ.நா. பொதுச்செயலர் ஊ தாண்ட் செப்டம்பர் 3-ஆம் தேதி பாதுகாப்பு அவைக்கு அறிக்கை கொடுத்தார். ஆகஸ்ட் 5 முதல் நடந்த மீறல்கள் பாகிஸ்தான் பக்கத்திலிருந்து ஆயுதத்தோடு வந்தவர்களால் தொடங்கியவை என்று அதில் இருக்கிறது. செப்டம்பர் 1-ஆம் தேதி பாகிஸ்தானின் வழக்கமான இராணுவமே சாம்ப் பகுதியில் டாங்கிகளோடு தாக்கியது. லாகூர் பக்கம் இந்தியா போனது அதற்குப் பிறகுதான்.

அந்த நேரத்தில் பாகிஸ்தான் ஏன் இறங்கியது?

இதுதான் சமயம் என்று நினைத்தார்கள். 1962-இல் சீனாவிடம் இந்தியா அடிபட்டிருந்தது. 1964 மே மாதம் நேரு மறைந்தார். புதிய பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியைப் பார்த்தால் சிறிய உருவம், மென்மையான பேச்சு. அவரைத் தப்பாக எடைபோட்டார்கள். 1963 டிசம்பரில் ஸ்ரீநகர் ஹஸ்ரத்பல் மசூதியில் புனிதச் சின்னம் காணாமல்போனபோது பள்ளத்தாக்கே தெருவுக்கு வந்தது. அந்தக் கோபம் இந்தியாவுக்கு எதிரான கிளர்ச்சியாக மாறும் என்று கணக்குப் போட்டார்கள். 1965 ஏப்ரலில் கட்ச் ரண் பகுதியில் நடந்த மோதலில் பாகிஸ்தான் கை ஓங்கியிருந்தது. அமெரிக்கா கொடுத்த பேட்டன் டாங்கிகளும் சேபர் விமானங்களும் கையில் இருந்தன. இந்தியாவோ தன் படையைப் பெருக்கிக்கொண்டிருந்தது. இன்னும் சில வருடம் விட்டால் வாய்ப்பு போய்விடும் என்ற அவசரம்.

கணக்கில் ஒரே ஒரு ஓட்டை. காஷ்மீர் மக்கள் எழவில்லை. குல்மார்க் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முகமது தீன் என்பவரிடம் ஊடுருவியவர்கள் உதவி கேட்க, அவர் நேராகப் போலீசில் போய்ச் சொன்னார். டெல்லியோடு மனத்தாங்கல் இருப்பது வேறு, எல்லை தாண்டி வந்தவனோடு சேர்ந்து துப்பாக்கி தூக்குவது வேறு. பாகிஸ்தான் அதிபர் அயூப் கானின் ஆலோசகர்களுக்கு இந்த வேறுபாடு புரியவில்லை. சர்வதேச எல்லையை இந்தியா தாண்டவே தாண்டாது என்று வெளியுறவு அமைச்சர் புட்டோ கொடுத்த உறுதியும் பொய்த்துப்போனது.

அக்னூர் கையை விட்டுப் போயிருக்கும் என்கிறார்களே, உண்மையா?

போயிருக்கலாம். ஜம்முவிலிருந்து பூஞ்ச், ரஜௌரி பக்கம் போகும் சாலைக்கு அக்னூர் பாலம்தான் உயிர்நாடி. செப்டம்பர் 1-ஆம் தேதி சாம்பில் இந்தியத் தரப்பு பலவீனமாகவே இருந்தது. பாகிஸ்தான் வேகமாக முன்னேறியது. அந்த நேரத்தில், செப்டம்பர் 2-ஆம் தேதி, தாக்குதலை நடத்திக்கொண்டிருந்த மேஜர் ஜெனரல் அக்தர் மாலிக்கை மாற்றிவிட்டு யாஹ்யா கானிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஓடுகிற குதிரையில் ஆளை மாற்றியதுபோல ஆயிற்று. அந்த இடைவெளியில் இந்தியா சுதாரித்துக்கொண்டது. ஏன் மாற்றினார்கள் என்று பாகிஸ்தானில் இன்றும் விவாதிக்கிறார்கள். 1965-இல் பாகிஸ்தானுக்கு மிக அருகில் வந்துவிட்டுக் கை நழுவிய வெற்றி இதுதான் என்று நினைக்கிறேன்.

இந்தியாவால் லாகூரைப் பிடிக்க முடியவில்லையா, பிடிக்க விரும்பவில்லையா?

இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எல்லையைத் தாண்டிய முதல் நோக்கம் அக்னூர் மீதான அழுத்தத்தைக் குறைப்பது. அது பலித்தது. பாகிஸ்தான் தன் படையைப் பஞ்சாப் பக்கம் திருப்ப வேண்டியதாயிற்று. லட்சக்கணக்கான மக்கள் வாழும் நகரத்தில் தெருச்சண்டை போடும் எண்ணம் இந்தியத் தலைமைக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

ஆனாலும், ‘நாங்கள் வேண்டாமென்று விட்டுவிட்டோம்’ என்று சொல்வது நேர்மையாகாது. செப்டம்பர் 6-ஆம் தேதியே மூன்றாவது ஜாட் பட்டாலியன், லெப்டினன்ட் கர்னல் டெஸ்மண்ட் ஹைட் தலைமையில், லாகூருக்கு அரணாக வெட்டியிருந்த இச்சோகில் கால்வாய் வரை போய் டோக்ராய் ஊரைப் பிடித்தது. பின்னாலிருந்து உதவி வந்து சேரவில்லை. பிடித்த இடத்தை விட்டுத் திரும்பினார்கள். அதே ஊரை அதே பட்டாலியன் செப்டம்பர் 21–22 இரவில் மறுபடியும் கைக்குக்கை சண்டை போட்டு, நிறைய ஆட்களைப் பலிகொடுத்துத்தான் பிடிக்க முடிந்தது. முதல் நாளில் மேல்மட்டம் ஒழுங்காகச் செயல்பட்டிருந்தால் அந்த இரண்டாம் சண்டையே தேவைப்பட்டிருக்காது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

எதிர்ப்பக்கமும் சும்மா இருக்கவில்லை. பர்க்கியில் கால்வாய்க் கரையைக் காத்த மேஜர் அஜீஸ் பட்டி அங்கேயே இறந்தார். பாகிஸ்தானின் மிக உயர்ந்த வீர விருதான நிஷான்-ஏ-ஹைதர் அவருக்குக் கிடைத்தது.

அசல் உத்தர் என்ற பெயரை அடிக்கடி கேட்கிறேன். அங்கே என்ன நடந்தது?

போரையே திருப்பிய இடம். பஞ்சாபில் கேம்கரன் ஊருக்குப் பக்கத்தில் உள்ள சிறிய கிராமம். பாகிஸ்தானின் முதல் கவசப்படை டிவிஷன் பேட்டன் டாங்கிகளோடு கேம்கரன் வழியாக நுழைந்தது. நினைத்தபடி நடந்திருந்தால் பியாஸ் ஆற்றுப்பாலம் வரை போய், அமிர்தசரஸ் பக்கத்தையே துண்டித்திருப்பார்கள்.

எதிரில் இருந்தது மேஜர் ஜெனரல் குர்பக்ஷ் சிங்கின் நான்காவது மலைப்படை டிவிஷன். முதல் அடியில் அது பின்வாங்கியது. பின்வாங்கிய இடத்தில் குதிரை லாட வடிவில் அணிவகுத்து, இரவோடு இரவாகக் கால்வாயை உடைத்து வயல்களில் தண்ணீரைப் பாய்ச்சினார்கள். ஆளுயரக் கரும்புக்குள் டாங்கிகளை மறைத்து வைத்தார்கள். காலையில் வந்த பேட்டன்கள் சேற்றில் திணறின. எந்தப் பக்கத்திலிருந்து குண்டு வருகிறது என்றே தெரியவில்லை. செப்டம்பர் 8 முதல் 10 வரை நடந்த சண்டையில் பாகிஸ்தான் 97 டாங்கிகளை இழந்தது என்பது இந்தியக் கணக்கு. பிடிபட்ட டாங்கிகளைக் கொண்டுவந்து நிறுத்திய இடத்துக்குப் ‘பேட்டன் நகர்’ என்றே பெயர் வந்துவிட்டது.

ஹவில்தார் அப்துல் ஹமீது இங்கேதான் ஜீப்பில் பொருத்திய டாங்கி எதிர்ப்புப் பீரங்கியோடு ஒன்றன்பின் ஒன்றாகப் பேட்டன்களை அடித்து, செப்டம்பர் 10-ஆம் தேதி உயிரை விட்டார். பரம்வீர் சக்கரம் அவருக்கு இறந்த பின் கொடுக்கப்பட்டது. உத்தரப் பிரதேசம் காஜிப்பூர் பக்கத்துக்காரர். மதத்தைச் சொல்லி மக்களைப் பிரித்துவிடலாம் என்று போட்ட கணக்குக்கு முகமது தீனும் அப்துல் ஹமீதும் கொடுத்த பதில் எனக்கு மிகவும் முக்கியம்.

‘அசல் உத்தர்’ என்றால் ‘சரியான பதில்’ என்றும் பொருள் கொள்ளலாம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கேம்கரன் ஊர் போர் முடியும்வரை பாகிஸ்தான் கையில்தான் இருந்தது.

அப்படியானால் சாவிண்டா?

அசல் உத்தரின் கண்ணாடிப் பிம்பம். சியால்கோட் பக்கம் இந்தியாவின் முதல் கவசப்படை டிவிஷன் உள்ளே போனது. பில்லோராவில் நன்றாகவே அடித்தது. அப்புறம் சாவிண்டாவில் பாகிஸ்தான் அதைத் தடுத்து நிறுத்திவிட்டது. பூனா ஹார்ஸ் படைத் தளபதி லெப்டினன்ட் கர்னல் தாராபோர் காயத்தோடும் டாங்கியை விட்டு இறங்காமல் சண்டையிட்டு, செப்டம்பர் 16-இல் இறந்தார். அவருக்கும் பரம்வீர் சக்கரம்.

இந்திய நண்பர்கள் அசல் உத்தரை மட்டும் பேசுவார்கள், பாகிஸ்தான் நண்பர்கள் சாவிண்டாவை மட்டும் பேசுவார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகும். தாக்கப் போனவர் இரண்டு இடத்திலும் தோற்றார், தடுத்தவர் இரண்டு இடத்திலும் ஜெயித்தார்.

வான்படையில் யார் கை ஓங்கியது?

இந்தியா அதிக விமானங்களை இழந்தது. இதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. இழப்பில் பெரும்பங்கு தரையில் நின்றவை. செப்டம்பர் 6 மாலை பதான்கோட்டிலும், மறுநாள் மேற்கு வங்காளத்தில் கலைக்குண்டாவிலும் பாகிஸ்தான் விமானங்கள் வந்து நிறுத்தியிருந்தவற்றை எரித்துவிட்டுப் போயின. எச்சரிக்கை இருந்தும் விமானங்களைப் பரப்பி வைக்காதது பெரிய தவறு. பதிலுக்கு இந்தியாவின் சின்னஞ்சிறு நாட் விமானங்கள் சேபர்களை வீழ்த்திப் பெயர் வாங்கின.

எண்ணிக்கை விஷயத்தில் இரு தரப்பையும் நம்பாதீர்கள். பாகிஸ்தான் விமானி எம்.எம். ஆலம் செப்டம்பர் 7-ஆம் தேதி ஒரு நிமிடத்துக்குள் ஐந்து இந்திய ஹண்டர் விமானங்களை வீழ்த்தியதாக அங்கே சொல்கிறார்கள். இந்தியா அந்த எண்ணிக்கையை ஏற்கவில்லை. அதே நாள் பாகிஸ்தானின் சர்கோதா விமானத்தளத்தைத் தாக்கப் போன குடகுக்காரர் ஸ்குவாட்ரன் லீடர் தேவய்யா திரும்பி வரவில்லை. அவர் ஒரு ஸ்டார்ஃபைட்டர் விமானத்தை வீழ்த்திவிட்டுத்தான் விழுந்தார் என்பது பாகிஸ்தான் தரப்புத் தகவல்கள் வெளிவந்த பிறகே இங்கே உறுதியானது. மகாவீர் சக்கரம் அறிவித்தது 1988-இல். தன் பக்கத்து வீரன் செய்ததே 23 ஆண்டு கழித்துத்தான் தெரிகிறதென்றால், சண்டை நடந்த வாரத்தில் வந்த எண்களை எப்படி நம்புவது?

கடலில்?

சொல்ல அதிகம் இல்லை. செப்டம்பர் 7–8 இரவில் பாகிஸ்தான் கப்பல்கள் குஜராத்தின் துவாரகை மீது குண்டு வீசின. பெரிய சேதமில்லை. பாகிஸ்தான் செப்டம்பர் 8-ஐக் கடற்படை நாளாகக் கொண்டாடுகிறது. இந்தியாவின் விமானம் தாங்கிக் கப்பலான விக்ராந்த் அப்போது பழுதுபார்ப்பில் இருந்தது.

சீனா ஏன் முழுமையாக இறங்கவில்லை?

செப்டம்பர் நடுவில் சிக்கிம் எல்லைக் காவல்நிலைகளை அகற்றச் சொல்லிக் கெடு விதித்தது. டெல்லிக்குத் தூக்கம் போனது உண்மை. ஆனால் பாகிஸ்தானுக்காகப் போருக்கு வரும் அளவுக்குச் சீனா போகவில்லை.

நிலக் கணக்கைப் பார்த்தாலே வெற்றி தெரிந்துவிடாதா?

இந்தியக் கணக்குப்படி இந்தியா பிடித்தது சுமார் 1,900 சதுர கிலோமீட்டர், இழந்தது சுமார் 550. பாகிஸ்தான் சொன்ன கணக்கு இதற்கு நேர்மாறு. வெளிநாட்டு ஆய்வாளர்களின் மதிப்பீடுகள் இந்தியக் கணக்குக்கு நெருக்கமாகவே இருக்கின்றன. பாகிஸ்தான் கையில் இருந்தவை சாம்ப், கேம்கரன், ராஜஸ்தான் பாலைவனத்தில் கொஞ்சம். இந்தியா கையில் இருந்தவை சியால்கோட், லாகூர் பக்கத்து வயல்கள், அப்புறம் ஹாஜி பீர் கணவாய். பரப்பில் இந்தியா முன்னால். ஆனால் பாலைவன மணலும் மலைக்கணவாயும் சதுர கிலோமீட்டரில் ஒன்றாகிவிடாது.

உயிர்க்கணக்கு: இந்தியத் தரப்பில் சுமார் 3,000 பேர், பாகிஸ்தான் தரப்பில் அதைவிடச் சில நூறு பேர் அதிகம் என்பது பொதுவான மதிப்பீடு. ஏழு வாரம் நடந்த போருக்கு இது மிகப் பெரிய விலை.

இந்தியா முன்னால் இருந்தால் ஏன் போர்நிறுத்தத்துக்கு ஒப்புக்கொண்டது?

எல்லாக் கேள்விகளிலும் என்னை அதிகம் வருத்துவது இதுதான்.

செப்டம்பர் 20-ஆம் தேதி ஐ.நா. பாதுகாப்பு அவை போர்நிறுத்தம் கோரித் தீர்மானம் போட்டது. அமெரிக்கா இரு நாட்டுக்கும் ஆயுதம் தருவதை ஏற்கனவே நிறுத்தியிருந்தது. அதில் அதிகம் தவித்தது பாகிஸ்தான். அதன் டாங்கிக்கும் விமானத்துக்கும் உதிரிபாகம், குண்டு எல்லாம் அங்கிருந்துதான் வரவேண்டும். இன்னும் சில நாள் சண்டை நீடித்தால் ஒரு தெளிவான வெற்றி கிடைக்குமா என்று சாஸ்திரி தலைமைத் தளபதி ஜெனரல் சௌத்ரியைக் கேட்டார். முன்னணிக்கான வெடிமருந்தில் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது என்று பதில் வந்தது. சாஸ்திரி ஒப்புக்கொண்டார்.

பாதுகாப்பு அமைச்சகம் பின்னாளில் தயாரித்த வரலாறு வேறு கதை சொன்னது. அதன்படி இந்தியா அதுவரை செலவழித்தது முன்னணி வெடிமருந்தில் 14 விழுக்காடு மட்டுமே. பாகிஸ்தானோ சுமார் 80 விழுக்காட்டைத் தீர்த்திருந்தது. தவறான தகவலை நம்பி, கையிலிருந்த நேரத்தை விட்டுவிட்டோம். செப்டம்பர் 23 அதிகாலை மூன்றரை மணிக்குத் துப்பாக்கிகள் ஓய்ந்தன.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நீடித்திருந்தால் இன்னும் எத்தனை டோக்ராய்கள், எத்தனை சாவிண்டாக்கள்? அந்தப் பிள்ளைகளின் வீடுகளில் இருந்து பார்த்தால் போர் நின்றது நல்லதுதான். இராணுவக் கணக்கில் இந்தியா தவறு செய்தது என்று நினைக்கிறேன். நின்றதற்காக வருந்த மட்டும் என்னால் முடியவில்லை.

தாஷ்கண்டில் சாஸ்திரி எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டாரா?

1966 ஜனவரி 10-இல் சோவியத் பிரதமர் கோசிகின் முன்னிலையில் கையெழுத்தான ஒப்பந்தம் இரு படைகளையும் ஆகஸ்ட் 5-க்கு முந்தைய இடங்களுக்குத் திரும்பச் சொன்னது. அதனால் ஆகஸ்ட் 28-இல் மேஜர் ரஞ்சித் சிங் தயாள் தலைமையில் கொட்டும் மழையில் மலையேறிப் பிடித்த ஹாஜி பீர் கணவாய் திரும்பிப் போனது. ஊடுருவல் பாதையையே அடைத்த இடம் அது. மத்திய அமைச்சர் மகாவீர் தியாகி இதை எதிர்த்துப் பதவி விலகினார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது.

ஆனால் சாம்பும் கேம்கரனும் திரும்ப வேண்டுமே. ஹாஜி பீரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கேட்டிருந்தால் எதிர்ப்பக்கம் ஒத்துக்கொண்டிருக்காது. அயூப் கான் காஷ்மீரைப் பற்றி எதையாவது எழுதி வாங்க எவ்வளவோ முயன்றும் சாஸ்திரி அசையவில்லை என்பதைப் பலர் சொல்வதே இல்லை. அன்றிரவே, ஜனவரி 11 பிறந்த சில மணி நேரத்தில், சாஸ்திரி அங்கேயே இறந்தார். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் அயூப் கானும் ஒருவர்.

இந்தப் போரில் தமிழ்நாட்டுக்குச் சம்பந்தம் உண்டா?

உண்டு. திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தின் ஜெனரல் பி.பி. குமாரமங்கலம் அப்போது இராணுவத் தலைமையகத்தில் உயர்பொறுப்பில் இருந்தார். 1966-இல் தலைமைத் தளபதி ஆனார்.

அதைவிடப் பெரிய தொடர்பு சோற்றில் இருக்கிறது. 1965-இல் மழை பொய்த்தது. அமெரிக்கக் கோதுமை வந்தால்தான் பல மாநிலங்களில் அடுப்பு எரியும். அமெரிக்க அதிபர் ஜான்சனின் அரசு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அளந்து விட்டது. வாரம் ஒரு வேளைச் சாப்பாட்டை விடுங்கள் என்று சாஸ்திரி மக்களைக் கேட்டுக்கொண்டார். ‘ஜெய் ஜவான், ஜெய் கிசான்’ முழக்கம் பிறந்தது அந்தச் சூழலில்தான். அப்போது உணவு, வேளாண் அமைச்சர் நம் சி. சுப்பிரமணியம். 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையை இறக்குமதி செய்ய அவர் துணிந்ததற்குப் பின்னால் அந்த அவமானமும் இருக்கிறது.

பாகிஸ்தானில் எல்லோரும் ஜெயித்ததாகத்தான் நினைக்கிறார்களா?

இல்லை. போரின்போது விமானப்படைக்குத் தலைமை வகித்த நூர் கான், மக்களிடம் பெரிய பொய் சொல்லப்பட்டது என்று முதுமையில் வெளிப்படையாகவே பேசினார். அங்கே அயூப் கானுக்கு அடி விழுந்ததும் இதனால்தான். வானொலி தினமும் வெற்றி வெற்றி என்று முழங்கியது. பிறகு தாஷ்கண்டில் ஒன்றும் கிடைக்காமல் திரும்பியதும், ஜெயித்த போரை மேசையில் விற்றுவிட்டார் என்று மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்தக் கோபத்தில் ஏறித்தான் புட்டோ 1967-இல் தனிக்கட்சி தொடங்கினார். 1969 மார்ச்சில் அயூப் போய்விட்டார்.

கிழக்குப் பாகிஸ்தான் இதை வேறு மாதிரிப் பார்த்தது. மேற்கில் இவ்வளவு பெரிய சண்டை, தங்களைக் காக்க ஒரே ஒரு டிவிஷன். 1966 பிப்ரவரியில் கிழக்குப் பாகிஸ்தான் தலைவர் முஜிபுர் ரஹ்மான் தன்னாட்சி கேட்டுத் தன் ஆறு அம்சக் கோரிக்கையை முன்வைத்தபோது இந்த மனக்குறை அதில் இருந்தது. அது எங்கே போய் முடிந்தது என்பது 1971-இல் தெரிந்தது.

அன்று சண்டை போட்டவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?

பலவிதமாக. ஒரு நிகழ்ச்சியை மட்டும் சொல்கிறேன்.

1965 செப்டம்பர் 19-ஆம் தேதி குஜராத் முதலமைச்சர் பல்வந்த்ராய் மேத்தா கட்ச் எல்லைப் பக்கம் ஒரு சிறிய விமானத்தில் போனார். உளவு பார்க்க வருகிறது என்று நினைத்த பாகிஸ்தான் கட்டுப்பாட்டு நிலையம் அதைச் சுடச் சொன்னது. இளம் விமானி கைஸ் ஹுசைன் சுட்டார். முதலமைச்சர், அவர் மனைவி, விமானி ஜஹாங்கீர் என்ஜினியர் உட்பட எட்டுப் பேரும் இறந்தார்கள். விமானத்தில் இருந்தது யார் என்பது கைஸ் ஹுசைனுக்கு அன்று மாலை வானொலிச் செய்தியில்தான் தெரிந்தது.

46 ஆண்டுகள் கழித்து, 2011-இல், அவர் ஜஹாங்கீர் என்ஜினியரின் மகளைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு மின்னஞ்சல் எழுதினார். நடந்ததை விவரித்து, உத்தரவின்படி செய்தேன், ஆனாலும் போன உயிர்களுக்காக வருந்துகிறேன் என்று சொன்னார். அந்த அம்மா பதில் எழுதினார். உங்கள்மீது எங்களுக்கு எந்தக் காலத்திலும் வெறுப்பு இருந்ததில்லை என்று அதில் இருந்தது.